கோப்பு தப்பினால் நூல் தப்பியதா? மின்னூலகங்கள் பொதி கட்டும் முறை

2023 அக்டோபர் கடைசியில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஒரு கும்பல் முடக்கிவிட்டுப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை. அதன் இணையச் சேவைகளில் பெரும்பாலானவை பல மாதங்கள் செயலற்றுக் கிடந்தன. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைப் படியெடுக்கும் திட்டத்தின் தளமும் அப்போது சேர்ந்து இருண்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வெளிவந்த பழைய இதழ்களைப் படியெடுக்க நிதி தந்த திட்டம் அது.

2024 மார்ச்சில் நூலகம் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. அதில் உள்ள ஒரு செய்தி படிப்பவரைத் திகைக்க வைக்கும். மின்வடிவத் தொகுப்புகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பான படிகள் இருக்கின்றன. அவற்றை விவரிக்கும் மீத்தரவுக்கும் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப நிறுவுவதற்கு ஏற்ற கட்டமைப்புத்தான் இல்லை என்கிறது அறிக்கை.

படி இருக்கிறது என்றால் எடுத்து ஏற்றிவிட வேண்டியதுதானே? மீத்தரவை மட்டும் ஏன் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல, மின்னூல் என்பது உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நூல், 312 படங்கள்

தாள்நூலில் பல செய்திகள் தாளோடு ஒட்டியே வருகின்றன. எந்தப் பக்கத்துக்கு அடுத்தது எந்தப் பக்கம் என்பதைத் தையல் சொல்கிறது. யார் எழுதியது, எங்கே அச்சானது என்பதைத் தலைப்புப் பக்கம் சொல்கிறது. எவ்வளவு பழையது என்பதைத் தாளின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

அதே நூலை ஸ்கேன் செய்த பிறகு கையில் இருப்பது ஒரு கோப்புறை. அதற்குள் 312 படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெயர்கள் கேமரா வைத்தவை: ஐஎம்ஜி 0001, ஐஎம்ஜி 0002 என்று போகும். அட்டைக்கும் விளம்பரத்துக்கும் வெற்றுத் தாளுக்கும் எண் விழுந்திருப்பதால் நூலின் முதல் பக்கம் 17-ஆவது படமாக இருக்கலாம். பழைய அச்சு நூல்கள் சிலவற்றில் முன்னுரைக்கு ஒரு எண்வரிசை, நூலுக்கு ௧, ௨, ௩ என்று இன்னொரு வரிசை ஓடும். ஓர் ஆய்வாளர் ‘பக்கம் ௪௭’ என்று மேற்கோள் காட்டினால் எந்தப் படத்தைத் திறப்பது?

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். வரிசைச் சிக்கல் ஓரளவு தீரும். ஆனால் வாசிக்க வசதியாகப் படங்களைச் சுருக்கி உண்டாக்கிய பிடிஎஃப் என்றால் மூலப் படத்தின் தரம் போயிருக்கும். எந்தக் கருவியில், எப்போது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதும் பெரும்பாலும் அதில் இருக்காது. தாளில் தையல் செய்த வேலையை இங்கே எழுத்தால் செய்தாக வேண்டும்.

மீத்தரவு விடை சொல்லும் நான்கு கேள்விகள்

மெட்டாடேட்டா என்றே பலரும் சொல்லும் மீத்தரவுக்கு ‘தரவைப் பற்றிய தரவு’ என்று விளக்கம் தருவது வழக்கம். தப்பில்லாத விளக்கம், ஆனால் ஒன்றும் புரிய வைக்காத விளக்கம். ஒரு நூலகம் எதிர்காலத்தில் எதையெல்லாம் கேட்கும் என்று யோசித்தால் தெளிவு வரும்.

1. இது என்ன? தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, பொருள். இது விவரிப்பு மீத்தரவு. இதற்கு எளிமையான தரம், அதாவது எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுதும் முறை, டப்ளின் கோர்; 15 கூறுகள் கொண்டது. 1995-இல் நடந்த ஒரு பட்டறையில் பிறந்தது. பெயரில் இருப்பது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின், அயர்லாந்துத் தலைநகரம் அல்ல. இன்னும் நுணுக்கமாக எழுத விரும்புவோருக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002-இல் கொண்டுவந்த மாட்ஸ் இருக்கிறது.

2. இது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது? எந்தக் கோப்பு எந்தப் பக்கம், எந்தப் பக்கங்கள் சேர்ந்து ஓர் அதிகாரம். இது அமைப்பு மீத்தரவு.

3. இதை எப்படித் திறப்பது, யார் திறக்கலாம்? கோப்பு வடிவம், படத்தின் நுணுக்கம், எழுத்துக் குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணினி முறை), உரிமை நிலை. இவை நிர்வாக மீத்தரவு.

4. இதற்கு இதுவரை என்னவெல்லாம் நடந்தது? யார் ஸ்கேன் செய்தார், எப்போது வடிவம் மாற்றினார், மாற்றியது சரியாக வந்ததா. இது பாதுகாப்பு மீத்தரவு.

முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் எழுதுகிறார்கள். நூலகம் என்றாலே பட்டியல் என்ற பழக்கம் இருப்பதால் அது தானாக நடக்கிறது. இரண்டாவதும் நான்காவதும்தான் கைவிடப்படுபவை. பின்னாளில் ஈடுசெய்யவே முடியாதவையும் அவைதான். தலைப்பை யாரும் எப்போதும் பார்த்து எழுதிவிடலாம். 2009-இல் எந்த மென்பொருள் எந்தப் பக்கத்தைத் தின்றது என்பதை 2040-இல் யாரிடம் கேட்பது?

டிஎல்ஐ காட்டிய பாடம்

இதற்குக் கைக்கெட்டும் எடுத்துக்காட்டு டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் முன்னெடுத்த பத்து லட்சம் நூல் திட்டத்தோடு இணைந்து, 2000-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட பல மையங்களில் நடந்த பெருமுயற்சி. தமிழ் நூல்களும் ஏராளம். அதில் நூல் என்பது பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கிய படக் கோப்புகள்தான். முழு நூலும் ஒரே கோப்பாக வேண்டும் என்பதற்காக வாசகர்களே சிறு நிரல்கள் எழுதிப் பக்கங்களை இறக்கித் தைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தத் தளம் இல்லாமல் போயிற்று. நூல்கள் முழுவதுமாக மறையாததற்குக் காரணம், அவற்றில் பெரும் பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் ஏற்றப்பட்டதுதான். இன்றும் அங்கே ஒரு நூலைத் திறந்தால் விவரப் பகுதியில் ‘டிசி டைட்டில்’, ‘டிசி லாங்குவேஜ்’ என்று வரிசையாக வரிகள் நிற்பதைப் பார்க்கலாம். அந்த ‘டிசி’ டப்ளின் கோரின் சுருக்கம். தளம் போன பிறகும் நூல் இன்னதென்று சொல்ல அந்த நாலைந்து வரிகளாவது கூடவே வந்தன. ஆனால் அவற்றின் தரம்? தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், தட்டச்சு செய்தவரின் காதுக்கு எப்படிப் பட்டதோ அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் தேடினால் சிக்காது. ஆங்கில எழுத்தில் தேடினாலும் அவர் எப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்க வேண்டும். உள்ளடக்கம், அதிகாரப் பிரிப்பு போன்ற அமைப்புச் செய்தி கிட்டத்தட்ட இல்லை. பக்கம் விடுபட்டிருந்தால், மூலப் பிரதியிலேயே அது இல்லையா, ஸ்கேன் செய்தவர் தாண்டிவிட்டாரா என்று அறிய வழியும் இல்லை.

மெட்ஸ்: எழுத்தால் போட்ட தையல்

இரண்டாவது கேள்விக்காகவே வளர்ந்த தரம் மெட்ஸ். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் சில சேர்ந்து நடத்திய ‘மேக்கிங் ஆஃப் அமெரிக்கா 2’ என்ற திட்டத்தின் அனுபவத்திலிருந்து 2001-இல் உருவானது. காங்கிரஸ் நூலகம் பராமரிக்கிறது. மெட்ஸ் என்பது மென்பொருள் அல்ல. ஒவ்வொரு செய்தியையும் அது இன்னதென்று குறியிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் மொழியில் எழுதிய ஒரு சாதாரண உரைக் கோப்பு. எந்த நோட்பேடிலும் திறக்கும்.

அந்தக் கோப்பில் ஏழு பகுதிகள் இருக்கலாம். தலைப்புறம், விவரிப்பு, நிர்வாகம், கோப்புப் பட்டியல், அமைப்பு வரைபடம், அமைப்பு இணைப்புகள், செயல்பாடு. இந்த ஏழில் கட்டாயம் ஒன்றே ஒன்று: அமைப்பு வரைபடம். ஆசிரியர் பெயர் இல்லாமல்கூட மெட்ஸ் கோப்பு செல்லும். எது எதற்குள் அடங்கும் என்று சொல்லாவிட்டால் செல்லாது. இதை வடிவமைத்தவர்களின் முன்னுரிமை எது என்பது அந்த ஒரு விதியிலேயே தெரிகிறது.

அமைப்பு வரைபடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எண் கொடுக்கலாம். ஒன்று, கணினி அடுக்குவதற்கான வரிசை எண்: 17. இன்னொன்று, தாளில் அச்சாகியிருக்கும் அடையாளம்: ௧. நாம் மேலே பார்த்த மேற்கோள் சிக்கல் இதோடு முடிந்தது.

இன்னும் சுவையானது, ஒரே பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரைபடம் வரையலாம் என்பது. சுவடிக் கட்டை நினைத்துப் பாருங்கள். கட்டு ஒன்று, அதற்குள் ஏடுகள், ஏட்டுக்கு இரண்டு பக்கம். இது பொருளின் உடல். ஆனால் அந்த ஒரே கட்டுக்குள் ஒரு நிகண்டு, பாதியில் நின்ற ஒரு புராணம், கடைசியில் நாலு மருந்துக் குறிப்பு என்று மூன்று நூல் இருக்கலாம். ஒரு நூல் முடியும் ஏட்டின் மறுபக்கத்திலேயே அடுத்தது தொடங்கலாம். உடல் வரைபடம் கட்டு, ஏடு, பக்கம் என்று போகும். பொருள் வரைபடம் நூல், படலம், பாடல் என்று போகும். இரண்டும் சுட்டுவது அதே படக் கோப்புகளைத்தான். படங்களை நகலெடுக்காமல், ஒரு கட்டை இரண்டு விதமாகப் புரட்ட முடிகிறது.

சுவடியின் இறுதியில் ஏடு எழுதியவர் தம் பெயரையும் முடித்த நாளையும் எழுதிவைப்பது உண்டு. அதுவும் மீத்தரவுதான், ஏட்டிலேயே பொறித்தது. ஆனால் ‘துன்மதி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1861-ஆ, 1921-ஆ? அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது. எனவே விவரிப்புப் பகுதியில் ஏட்டில் கண்டபடி ஒரு முறையும், ஆய்ந்து துணிந்த ஆங்கில ஆண்டை உத்தேசம் என்ற குறிப்போடு இன்னொரு முறையும் எழுத வேண்டும். மாட்ஸ் தரத்தில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 15 கூறுகளோடு நிற்கும் எளிய டப்ளின் கோரில் கொஞ்சம் நெருக்கியடித்துத்தான் உட்கார வைக்க வேண்டும்.

பிரெமிஸ்: கோப்பின் நாட்குறிப்பு

நான்காவது கேள்விக்கான தரம் பிரெமிஸ். முதல் பதிப்பு 2005-இல் வந்தது. 2015-இல் மூன்றாம் பதிப்பு. அது உலகத்தைச் சில வகைகளாகப் பார்க்கிறது: பொருள், அதற்கு நடந்த நிகழ்வு, அதைச் செய்த ஆளோ நிரலோ, அதைச் செய்ய இருந்த உரிமை. ‘இந்தக் கோப்பு இந்த நாளில் இந்த நிரலால் வடிவம் மாற்றப்பட்டது, விளைவு: சரி’ என்ற வாக்கியத்தைக் கணினிக்கும் புரியும்படி எழுதும் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இது தேவையில்லாத கணக்குப்பிள்ளை வேலையாகத் தோன்றும். தமிழில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் பழைய மின்னூல்கள் பல திஸ்கி என்ற குறியாக்கத்தில் வெளிவந்தன. அதே காலத்தில் தாப், தாம், பாமினி என்று வேறு முறைகளும் புழங்கின. இவை எல்லாமே ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் ஒதுக்கிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் லத்தீன் எழுத்துக் குப்பைதான் தெரியும். கோப்பில் ஒரு பிட் கூடச் சிதையவில்லை. ஆனாலும் படிக்க முடியாது. ‘குறியாக்கம்: திஸ்கி’ என்ற ஒரு சொல் கூட இருந்தால் அது நூல். அந்தச் சொல் இல்லாவிட்டால் புதிர்.

இன்று எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னொரு கண்ணி. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ஒலி வரிசை: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. எனவே மாற்றி என்பது ஒன்றுக்கு ஒன்று என்று பதிலிடும் பட்டியல் மட்டும் அல்ல, வரிசையையும் புரட்டிப் போட வேண்டும். அரைகுறை மாற்றிகள் கொம்பை முன்னாலேயே விட்டுவிட்டுப் போன உரைகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு தொகுப்பில் 400 நூல்கள் மாற்றப்பட்டு, அவற்றில் ஒரு பகுதி மட்டும் பழுதாகியிருந்தால் எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த மாற்றி, எந்தப் பதிப்பு, எந்த நாள் என்று நிகழ்வுப் பதிவு இருந்தால் தேடி எடுத்து மூலத்திலிருந்து மறுபடி மாற்றலாம். இல்லாவிட்டால் 400-ஐயும் படித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மூலத்திலிருந்து என்றேன். மாற்றிய பிறகு பழைய திஸ்கி கோப்பை அழித்துவிடக் கூடாது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

உரிமையைப் பதிவதிலும் தமிழுக்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. இந்தியாவில் ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை, இலங்கையில் 70. ஆசிரியர் மறைந்த ஆண்டைப் பதிவு செய்திருந்தால் இதைக் கணினியே கணக்கிடும். ஆனால் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் இந்தக் கணக்குக்குள் வராது. ‘பொதுவுடைமை’, ‘காப்புரிமை உண்டு’ என்ற இரண்டு பெட்டி மட்டும் வைத்த படிவத்தில் நாட்டுடைமை என்று எழுத இடம் தேடி அலைய வேண்டும். பிரெமிஸில் உரிமைக்கான ஆதாரத்தை, அதாவது எந்தச் சட்டம், எந்த ஒப்பந்தம், எந்த ஆணை என்பதை, எழுத வழி இருக்கிறது.

பேகிட்: பொதி கலையவில்லை என்பதற்குச் சான்று

இதுவரை சொன்னது உள்ளே என்ன எழுத வேண்டும் என்பது. படங்களையும் மீத்தரவையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பும் முறைக்குப் பெயர் பேகிட். காங்கிரஸ் நூலகமும் கலிஃபோர்னியா மின்னூலகமும் தங்களுக்குள் கோப்புகளை அனுப்பிக்கொள்ள உண்டாக்கியது. 2018-இல் இணையத் தொழில்நுட்பக் குறிப்பாக ஆர்எஃப்சி 8493 என்ற எண்ணில் வெளியானது. வடிவம் வேடிக்கையான அளவுக்கு எளிது: ஒரு கோப்புறை, அதற்குள் சரக்கெல்லாம் இருக்கும் ‘டேட்டா’ என்ற உள்ளறை, வெளியே இரண்டு மூன்று உரைக் கோப்புகள். அவற்றில் முக்கியமானது சரக்குப் பட்டியல். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் எதிரே அதன் செக்சம்.

செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்து எடுக்கும் ஒரு கைரேகை. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது எப்போதும் 64 எழுத்து நீளம். ஒரு பக்கக் கடிதமானாலும் ஒரு ஜிபி படமானாலும் அதே நீளம். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுக்க வேறாகிவிடும். அனுப்பியவர் கணித்ததையும் பெற்றவர் கணித்ததையும் ஒப்பிட்டால் வழியில் எதுவும் கெடவில்லை என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கணித்தால் வன்தட்டு அமைதியாகச் சிதைவதையும் பிடித்துவிடலாம்.

ஆனால் செக்சம் மருத்துவர் இல்லை, வெறும் வெப்பமானி. கெட்டது என்று சொல்லும், சரிசெய்யாது. அதற்கு வேறிடத்தில் இன்னொரு நல்ல படி இருக்க வேண்டும்.

மூன்று பொதிகளும் லண்டன் புதிரும்

விண்வெளி ஆய்வு அமைப்புகள் தங்கள் செயற்கைக்கோள் தரவை நீண்டகாலம் வைத்திருக்க வகுத்த ஒரு மாதிரி உண்டு. ஓஏஐஎஸ் என்று பெயர்; 2003-இல் ஐஎஸ்ஓ 14721 என்ற உலகத் தரமானது. நூலகங்களும் இதையே எடுத்துக்கொண்டன. அது பொதியை மூன்றாகப் பிரிக்கிறது:

1. ஒப்படைப்புப் பொதி: கொடுப்பவர் தருவது. குறையோடும் இருக்கலாம்.

2. காப்புப் பொதி: நூலகம் சரிபார்த்து, மீத்தரவு சேர்த்து, நெடுங்காலத்துக்கு வைப்பது.

3. வழங்கல் பொதி: வாசகருக்குக் காட்ட அதிலிருந்து உண்டாக்குவது. சிறிய படம், பிடிஎஃப், தேடக்கூடிய உரை.

இப்போது லண்டனுக்குத் திரும்பலாம். அங்கே பாதுகாப்பாக இருந்தவை இரண்டாவது வகை. நின்றுபோனது அதை மூன்றாவதாக மாற்றி வாசகர் முன்னால் வைக்கும் எந்திரம். சர்வர், தேடல், வாசகர் கணக்கு, படம் காட்டும் நிரல் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் அத்தனை மாதம். அந்தக் காலத்தில் மீத்தரவும் போயிருந்தால் நிலைமை வேறு: எந்திரத்தைக் கட்டி முடித்த பிறகும் அதில் ஏற்றுவதற்குப் பெயரில்லாத கோப்புகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அறிக்கை மீத்தரவைத் தனியாகச் சொன்னதன் பொருள் இதுதான்.

ஹாத்திடிரஸ்ட் எப்படிக் கட்டுகிறது

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் 2008-இல் தொடங்கிய ஹாத்திடிரஸ்டில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான தொகுதிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கூகுள் ஸ்கேன் செய்தவை. ‘ஹாத்தி’ இந்தி யானைதான். எதையும் மறக்காத விலங்கு என்ற கணக்கு.

அங்கே ஒரு நூல் என்றால் இரண்டு கோப்பு. ஒன்று, பக்கப் படங்களும் பக்கவாரியான உரையும் அடங்கிய ஒரு ஜிப். அதன் பக்கத்திலேயே ஒரு மெட்ஸ் கோப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் செக்சமும், பக்க வரிசையும், தெரிந்த இடங்களில் அச்சான பக்க எண்ணும், இது தலைப்புப் பக்கம், இது பொருளடக்கம் என்ற குறிப்பும் மெட்ஸில் இருக்கின்றன. எப்போது ஸ்கேன் ஆயிற்று, எப்போது சோதித்தார்கள், எப்போது உள்ளே எடுத்தார்கள் என்பதும் பிரெமிஸ் நிகழ்வுகளாக அதற்குள்ளேயே கிடக்கிறது. இன்றைய மென்பொருள் எல்லாம் காணாமல் போனாலும், ஒரு ஜிப்பையும் ஓர் உரைக் கோப்பையும் திறக்கத் தெரிந்த யாரும் நூலைத் திரும்பக் கோத்துவிடலாம்.

எங்கே இடிக்கிறது

மெட்ஸின் பெரிய வசதி அதன் நெகிழ்வு. பெரிய தொல்லையும் அதுவே. விவரிப்புக்கு டப்ளின் கோரும் வைக்கலாம், மாட்ஸும் வைக்கலாம். அதிகாரத்தை ஒருவர் ஒரு சொல்லால் குறிக்கலாம், இன்னொருவர் வேறு சொல்லால் குறிக்கலாம். இரண்டு நூலகம் எழுதிய மெட்ஸ் கோப்புகள் இரண்டும் இலக்கணப்படி சரியாக இருந்தும் ஒருவருடையதை மற்றவர் நிரல் படிக்காமல் போகலாம். இதனால்தான் ‘நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்’ என்று அறிவிக்கும் மெட்ஸ் சுயவிவரங்கள் வந்தன. ஐரோப்பாவில் ஈ-ஆர்க் திட்டம் பொதிகளுக்கென்று ஒரு பொது விதியே வகுத்தது.

வேறொரு குறை திருத்தத்தில் வருகிறது. ஒரு பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்து மாற்றினால் முழுப் பொதியையும் புதிதாகக் கட்ட வேண்டுமா? 2020-இல் வெளியான ஓசிஎஃப்எல் என்ற கோப்பு அடுக்குமுறை, பதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாறியதை மட்டும் சேர்க்க வழி செய்தது. மெட்ஸுக்குப் பதிலாக அல்ல, அதற்கு அடியில் இருக்கும் அலமாரியாக.

கைவேலையாக எக்ஸ்எம்எல் எழுதுவதும் யாராலும் ஆகாத காரியம். ஆர்க்கிவெமாட்டிகா என்ற கட்டற்ற மென்பொருள், கோப்புகளைக் கொடுத்தால் வடிவம் கண்டறிந்து, செக்சம் எடுத்து, மெட்ஸும் பிரெமிஸும் எழுதி, பேகிட் பொதியாகக் கட்டித் தருகிறது. ஆனால் அதை நிறுவவும் நடத்தவும் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டு பேர் நடத்தும் ஓர் ஊர் நூலகத்திடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

சிறிய தொகுப்புக்கு இது போதும்

1. கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். எண்கள் ஒரே இலக்க அளவில்: 0001, 0002. பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயர்களில் தடுமாறும். தமிழ் வேண்டிய இடம் மீத்தரவு.

2. நூலுக்கு ஒரு விரிதாள். நான்கு நெடுவரிசை: கோப்புப் பெயர், வரிசை எண், அச்சான பக்க எண், குறிப்பு. ‘வெற்றுப் பக்கம்’, ‘மூலத்தில் இந்தத் தாள் இல்லை’ போன்றவை குறிப்பில் வரும்.

3. விவரிப்பு டப்ளின் கோரின்படி. தலைப்பும் ஆசிரியரும் தமிழில் ஒரு முறை, ஒரே சீரான ஒலிபெயர்ப்பில் ரோமனில் ஒரு முறை. உ.வே.சா. பெயரை மூன்று விதமாக எழுதாமல், ஒரு வடிவத்தைத் தேர்ந்து எல்லா நூலிலும் அதையே.

4. ஓர் உரைக் கோப்பில் நாட்குறிப்பு: நாள், செய்தவர், செய்தது, பயன்படுத்திய கருவி. நாளுக்கு ஒரு வரி போதும்.

5. எல்லாவற்றையும் பேகிட் பொதியாக்க வேண்டும். இலவசக் கருவிகள் இருக்கின்றன. செக்சம் தானாக எழுதப்படும்.

6. வேறு வேறு ஊர்களில் இரண்டு படி, ஆண்டுக்கு ஒருமுறை செக்சம் சோதனை. சோதித்ததையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

இவற்றில் நேரம் தின்பது இரண்டாவது. ஸ்கேன் செய்யும் அன்றே, நூல் மேசையில் இருக்கும்போதே செய்தால் அரை மணி நேரத்தில் முடியும். அந்த விரிதாள் இருந்தால் நாளை யாரோ ஒருவர் சிறு நிரல் எழுதி அதை மெட்ஸ் ஆக்கிவிடுவார். இல்லாவிட்டால் 312 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நூலைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்கு மறுபடி போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.